உன் இஷ்டம்

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் என் மனைவியை எதற்கும் தடுத்ததில்லை. எந்தச் சேலை, எந்தத் தெருவில் வீடு, மகனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: "உன் இஷ்டம்." ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெண்கள் மாரிச்செல்வியிடம், "ஒனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்று கேட்பார்களாம். அவள் பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வேல்பாண்டி. பட்டாளத்தில் இருபத்து நாலு வருடம் இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். பட்டாளத்தில் ஒரு சௌகரியம் உண்டு. எழுந்திருக்க விசில், சாப்பிட விசில், தூங்க விசில். இன்று சட்டை எது என்று யோசித்து ஒரு நிமிடம் வீணாக்கியவனை நான் பார்த்ததில்லை. ஊரில் குடும்பத்தை நடத்தியது அவள். நடத்திக்கொண்டே ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, பதினைந்து வருடத்தில் நூல் சுற்றும் கோன் பிரிவுக்குச் சூப்பர்வைசராகவும் ஆகிவிட்டாள். நான் லீவில் வருவேன், சாப்பிடுவேன், அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டுப் போவேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அவள் மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் அரைப்பதற்குத் தயாராகத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று, பிரியமாகத்தான் கேட்டேன்.

"ஏட்டி, தோசைக்குத் தேங்காச் சட்னியா, தக்காளிச் சட்னியா?"

அவள் தோளில் கிடந்த பையைக்கூட எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முடிவு தீந்துபோச்சு" என்றாள்.

"என்ன தீந்துபோச்சு?"

"முடிவு. இன்னைக்குள்ள முடிவு அம்புட்டும் எடுத்து முடிச்சாச்சு. இனிமே நாளைக்குத்தான்."

உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து, "காப்பி போடவா, டீ போடவா?" என்று கேட்டேன். அதற்கு அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லையில் குண்டுச் சத்தத்துக்குப் பயப்படாதவன் நான். அன்றைக்கு அடுப்படியில் கை கால் ஓடாமல் நின்றேன்.

செத்த நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு இடது உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தாள். அன்று காலையிலிருந்து தன்னிடம் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறாள். மூணாம் நம்பர் மெசினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ஓட்டவா நிறுத்தவா? மாடத்திக்கு வயிற்று வலி, வீட்டுக்கு அனுப்பவா? சீனியம்மாளும் அவள் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை, ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் போடவா? கேன்டீனில் உப்புமாவா பொங்கலா? நடுவில் மகன் கோவில்பட்டி ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு, முடி வெட்டிக்கொள்ளவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறான். மில் விடுவதற்குள் நூற்று நாற்பத்து மூன்று. பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே தள்ளிப் போகிறீர்களா, முன்னால் வருகிறீர்களா என்று கேட்டது நூற்று நாற்பத்து நாலு. சட்னி நூற்று நாற்பத்தைந்து. காப்பியை எழுத அவளுக்குத் தெம்பு இல்லை.

"இதெல்லாம் தெனம் உள்ளதுதான். பெரிய கேள்வி இனிமேத்தான் இருக்கு" என்றாள்.

மேனேஜர் அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு உதவி மேலாளர் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். சம்மதமா இல்லையா என்று சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அந்த வேலை பொன்னுராஜுக்குப் போகும். பொன்னுராஜ் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தவன். அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே இவள்தான்.

"எடுத்தா ஒரு நாளைக்கு முந்நூறு கேள்விக்குப் பதில் சொல்லணும். எடுக்காட்டி, நான் தொழில் பழக்கிவிட்ட பயகிட்ட லீவு கேட்டு நிக்கணும். எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க என்ன சொல்லுதீக?"

நான் மனதார, முழுச் சுதந்திரத்தோடு சொன்னேன்: "உன் இஷ்டம்."

அவள் என்னைப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்தாள். உள்ளங்கையில் இன்னொரு கோடு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவள் எழுந்திருக்குமுன்னே நான் வேலையில் இறங்கிவிட்டேன். பட்டாளத்தில் ரொட்டீன் ஆர்டர் என்று ஒன்று உண்டு. யார் யாருக்கு எந்த வேலை, என்ன உடுப்பு, எத்தனை மணிக்கு என்று எழுதி போர்டில் ஒட்டிவிடுவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். அதே மாதிரி ஒன்று தயார் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். திங்கள் சாம்பார், செவ்வாய் மொச்சைக் குழம்பு, புதன் கத்தரிக்காய் புளிக்குழம்பு என்று ஞாயிறு கறிக்குழம்பு வரை. சேலைகளுக்கும் கிழமை போட்டு பீரோவில் வரிசையாக அடுக்கினேன். இட்லிக்கும் தோசைக்கும் தனித்தனிச் சட்னி உத்தரவு. அடியில் கையெழுத்துப் போட்டு, 'ஹவில்தார் (ஓய்வு)' என்றும் எழுதினேன்.

மாரிச்செல்வி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை பச்சைச் சேலை கட்டு என்று தாள் சொன்னது, கட்டினாள். சாயங்காலம் வந்தாள், மொச்சைக் குழம்பை ஊற்றினேன், வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, "தேவலையா இருக்கு" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை மார்க்கெட்டில் நல்ல கத்தரிக்காய் இல்லை. இருந்ததும் சொத்தை. உத்தரவில் கத்தரிக்காய் என்று இருக்கிறது. இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டிருந்தேன். வெண்டைக்காய்க்காரி கூப்பிடுகிறாள், முருங்கைக்காய்க்காரர் கூப்பிடுகிறார். நான் நடுவில் மதில்மேல் பூனையாகப் பத்து நிமிடம் நின்றுவிட்டு மில்லுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, கத்தரிக்கா கெடைக்கல. என்ன செய்ய?"

போனில் மெசின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நிதானமாக, "தொண்ணுத்தேழு" என்றாள். வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி நாங்கள் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை அவள் இரண்டு கடுதாசி எழுதினாள். ஒன்று சம்மதம் என்று, ஒன்று சம்மதமில்லை என்று. இரண்டையும் ஒரே மாதிரி கவரில் போட்டு கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பூராவும் அந்தப் பையை அவள் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தால், உள்ளே இரண்டு தாள் இருக்கிற மாதிரித் தெரியவில்லை, இரண்டு செங்கல் இருக்கிற மாதிரித் தெரிந்தது. சாயங்காலம் வந்ததும் சொன்னாள்:

"பூக் கட்டிப் பாத்துருவோம். ஆத்தா சொல்லட்டும். வெள்ளைன்னா எடுக்கேன், செவப்புன்னா விட்டுருதேன்."

எங்கள் பக்கம் இது உள்ள வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. பெண் எடுக்கவும் மாடு வாங்கவும் கிணறு தோண்டவும் இப்படிக் கேட்பார்கள். பூசாரி சமுத்திரத்துக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பொட்டலத்தை வீட்டிலேயே கட்டிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை காலையில் நான் வாழையிலையைக் கிழித்து, நாரை நனைத்து, இரண்டு பொட்டலமும் அச்சு அசலாக ஒரே அளவில் கட்டினேன். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டைதான் வைத்தேன். வாங்கி வந்த செவ்வரளியைக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். ஆத்தா மன்னிப்பாள் என்று ஒரு நம்பிக்கை. மாரிச்செல்வி மன்னிப்பாளா என்று அப்போது யோசிக்கவில்லை.

தெருக் கோடி மாரியம்மன் கோயிலில் கூட்டமில்லை. அவள் பதினோரு மணி வரைக்கும் பெர்மிஷன் சொல்லியிருந்தாள். சமுத்திரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சூடம் காட்டினார். பொட்டலங்களைக் காலடியில் போட்டுவிட்டு, "நெனச்சுக்கிட்டு ஒண்ண எடும்மா" என்றார்.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணைத் திறந்தாள். கையை வலது பக்கப் பொட்டலத்துக்குக் கொண்டுபோனாள். இழுத்துக்கொண்டாள். இடது பக்கம் கொண்டுபோனாள். அங்கேயும் நிற்கவில்லை. சூடம் அணைந்துவிட்டது. சமுத்திரம் இன்னொரு சூடம் வைத்தார். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"எத எடுக்க?"

பழக்க தோஷம், அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சமுத்திரம் பொறுமை இழந்து, "வெலகும்மா, ஆத்தாவுக்கும் வேற சோலி இருக்கும்லா" என்று தானே ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

"எடுத்துக்கோன்னுட்டா" என்றார் சமுத்திரம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். காரியம் முடிந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று காலைக்கூடத் திருப்பிவிட்டேன். மாரிச்செல்வி மட்டும் அசையவில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையும் பிரிங்க" என்றாள்.

"அதப் பிரிக்கிற வழக்கமில்லம்மா."

"எங்க மில்லுல ஒரு கோன் செக் பண்ணி சரியா இருந்தாலும், பக்கத்துக் கோனையும் எடுத்துப் பாத்துட்டுத்தான் சீல் வைப்போம். பிரிங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றேன். சமுத்திரம் பிரித்தார். வெள்ளை. அவர் கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்தார், மாட்டிக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். டாக்டர் நல்லாத்தான் செய்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் என்னை வேப்பமரத்துக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருவத்தோரு வருசத்துல மொத மொதலா ஒரு முடிவு எடுத்திருக்கீக. அதையும் ஆத்தா தலையில கட்டப் பாத்தீக" என்றாள். "வாயத் தொறந்து சொன்னா என்ன? ஏன் செஞ்சீக?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன்.

"நாலு வருசத்துக்கு முன்னால எனக்கு நாயப் சுபேதார் புரமோசன் வந்துச்சு. முப்பது பேருக்குப் பொறுப்பு. நம்மளால ஏலுமான்னு பயந்துட்டேன். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு ரெண்டு வருசம் ஜூனியரு ஒருத்தன் அந்த எடத்துக்கு வந்தான். நான் கைபிடிச்சுப் பழக்குன பய. அவன 'சாப்'னு கூப்பிட்டுக்கிட்டு ரெண்டு வருசம் வெறப்பா நின்னேன். தெனம் காலையில. நீ அப்படி நிக்கக் கூடாது. என்னால பாக்க முடியாது."

சொல்லி முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?" என்றாள்.

"கேட்டேன். போன் பண்ணேன். நீ மெசினுக்குப் பக்கத்துல நின்ன. புரமோசன் வந்திருக்கு, எடுக்கவா வேண்டாமான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. என்ன சொன்னேன்?"

"உங்க இஷ்டம்னு சொன்ன."

அவள் முகம் அப்படியே சுருங்கிப்போனது. அவளுக்கு அந்தப் போன் நினைவில்லை. நாளைக்கு நூற்று நாற்பது கேள்வி கேட்கப்படுகிறவளுக்கு அதில் ஒன்று நினைவிருக்க நியாயமில்லை. நான் அன்றும் இன்றும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் தன்னைக் குறை சொல்லிக்கொண்டாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எடுங்கன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பீகளா?"

"எடுத்திருப்பேன்."

"சரி, வாங்க. பஸ்சுக்குப் போவோம்" என்றாள். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு ஜோலியும் இல்லை. ஆனாலும் ஏறிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒரு முடிவைப் பற்றி இரண்டு பேரும் போட்ட முதல் சண்டை அது. அதற்கு முன்னால் சண்டை போட எனக்கு ஒரு கட்சி இருந்ததில்லை.

"ஒங்களுக்கு என்ன, எடுன்னு சொல்லிட்டுப் போயிருவீக. முந்நூறு கேள்வியும் எனக்குத்தான்."

"வீட்டுக் கேள்வி பூராவும் இனிமே எனக்கு. மகன் முடி வெட்டுறதும் எனக்கு."

"கத்தரிக்கா கெடைக்கலன்னு போன் பண்ணுவீகளே?"

"பண்ண மாட்டேன்."

"கெடைக்காட்டி?"

"கெடச்சத வாங்குவேன்."

"நல்லா இல்லன்னு நான் சொன்னா மொகத்தத் தூக்கிட்டு உக்காருவீக."

"உக்காந்துட்டுப் போறேன். நீ சாப்பிட்டுட்டுப் போ."

முன் சீட்டில் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள், எங்கள் பேச்சைக் கேட்பதற்காகத் தங்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒருத்தி திரும்பி, "எழுதி வாங்கிக்கோம்மா, ஆம்பளைக வாய்ச்சொல் நிக்காது" என்றாள். கண்டக்டர் என் பக்கம் பேச வந்தார். அவருக்கு இருந்த மரியாதையும் அதோடு போயிற்று. மாரிச்செல்வி யாரையும் கண்டுகொள்ளாமல், "எனக்கு முட்டி வலி இருக்கு, அத நெனச்சீகளா?" என்று அடுத்ததை எடுத்தாள். "உதவி மேலாளருக்கு நாற்காலி உண்டுல்ல? இப்பத்தான் நின்னுக்கிட்டே இருக்க" என்றேன். அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

மில் ஸ்டாப்பில் இறங்கினோம். மணி பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று பையைத் திறந்து இரண்டு கவரையும் எடுத்தாள். ஒன்றைப் பிரித்துப் படித்துப் பார்த்தாள். இன்னொன்றையும் பிரித்துப் படித்தாள். சரிபார்த்த பிறகுதான் ஒன்றைக் கிழித்து, துண்டுகளை என் கையில் கொடுத்தாள். சம்மதமில்லை என்று எழுதியிருந்த கடுதாசி அது.

"நீங்க சொன்னது சரின்னு எடுக்கல" என்றாள். "இம்புட்டு வருசத்துல ஒரு தடவையாவது நீங்க, 'எனக்கு இதுதான் வேணும்'னு சொன்னீகளே. அதுக்காக எடுக்கேன்."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வீட்டுக்குப் போகட்டுமா, நிற்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். ஆள் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது. பார்த்தேன். போய்விட்டது. வாட்ச்மேன் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, சும்மா நிற்கிறேன் என்றேன். மத்தியானம் எதிர்க் கடையில் இரண்டு வடை தின்றேன். வெயில் ஏற ஏற நிழல் இருந்த பக்கமாக நகர்ந்துகொண்டேன். நிற்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் யாரும் நிற்கச் சொல்லாமல் அதற்கு முன்னால் நான் நின்றதில்லை.

ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நடுவில் மாரிச்செல்வி வந்தாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"காலையிலருந்து இங்கயா நிக்கீக?"

"ஆமா."

"யாரு நிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் நின்னேன்."

அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, மாடத்தியும் சீனியம்மாளும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பொன்னுராஜும் அந்த வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.